செயின்சா பல்லுக்கு அரம் போடுவது எப்படி? புதிதாகக் கற்பவர்களுக்கு

பதமாக இருக்கும் செயின்சாவை மரத்தின் மேல் வைத்தாலே போதும், தன் எடையிலேயே உள்ளே இறங்கும். கீழே விழும் சீவல் அவல் போலத் தட்டையாக இருக்கும். நீங்கள் அழுத்தினால்தான் இறங்குகிறது, விழுவதும் மாவு மாதிரி இருக்கிறது என்றால் பல் மழுங்கிவிட்டது. செயின் ஆயில் ஒழுங்காக ஓடியும் வெட்டு வாயில் புகை கிளம்புவதும் அதே நோய்தான். காய்ந்துபோன பட்ட மரத்தில் நல்ல பல்லும் கொஞ்சம் பொடியாகத்தான் தள்ளும். அதனால் பச்சை மரத்தில் விழுவதை வைத்து முடிவு செய்யுங்கள்.

இந்த நிலையில் பலரும் ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்தி, மிஷின் மேல் சாய்ந்து வெட்டுவார்கள். செயின் சுற்றி ஓடும் நீளத் தகடான ‘பார்’ சூடேறும், கிளட்ச் தேயும், பெட்ரோல் வீணாகும், தோள் வலிக்கும். அதைவிட மோசமானது, அழுத்திக்கொண்டிருக்கும் மிஷின் வெட்டு முடிந்ததும் திடீரென்று விடுபட்டுக் காலை நோக்கி வரும். ஓர் உருண்டை அரமும் கால் மணி நேரமும் இருந்தால் இத்தனையும் தீர்ந்துவிடும்.

பல்லைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

அரத்தைத் தள்ளுவது கைப்பழக்கம், நாலு முறை செய்தால் வந்துவிடும். பல்லைப் பார்த்து அதற்கு என்ன தேவை என்று சொல்லத் தெரிவதுதான் உண்மையான வேலை. அரத்தை எடுக்கும் முன் ஒரு பல்லை வெயிலில் காட்டி நன்றாகப் பாருங்கள்.

ஒவ்வொரு வெட்டுப்பல்லிலும் இரண்டு மேடுகள் உண்டு. பின்னால் உயரமாக, வளைந்து நிற்பது பல். அதற்கு முன்னால் காளையின் திமில் போலக் குட்டையாக நிற்பதைக் கடைகளில் டெப்த் கேஜ் என்பார்கள். இந்தக் கட்டுரையில் அதைத் திமில் என்றே சொல்கிறோம். பல்லின் மேல்பக்கத் தகடு கூரை, வெளிப்பக்கத் தகடு சுவர். கூரையும் சுவரும் சேரும் முன் மூலைதான் முதலில் மரத்தில் பாய்ந்து நாரை அறுக்கிறது. அறுந்த நாரைக் கூரையின் முன் விளிம்பு உளி போலச் சீவி எடுக்கிறது. எவ்வளவு ஆழம் சீவலாம் என்று தீர்மானிப்பது திமில். இழைப்புளியில் தகடு எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதோ அவ்வளவு தடிமனுக்குத்தானே சுருள் வரும்? இங்கே திமிலைவிடக் கூரை எவ்வளவு உயரமோ, அவ்வளவுதான் சீவல்.

இந்த வடிவத்துக்குப் பின்னால் ஒரு புழு இருக்கிறது. அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்த ஜோசப் பியூஃபர்ட் காக்ஸ், 1946இல் ஒரு மரவண்டின் புழு நாரின் போக்கு எதுவானாலும் இடமும் வலமுமாகத் தாடையை அசைத்து மரத்தைத் தின்று போவதைக் கவனித்தார். அதற்கு முன் இருந்த செயின்களின் பல் மரத்தைச் சுரண்டித்தான் அறுக்கும், அடிக்கடி அரமும் கேட்கும். காக்ஸ் அந்தத் தாடையைப் பார்த்து இடப்பல், வலப்பல் என்று மாறி மாறி வரும் செயினைச் செய்து 1947இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்று உங்கள் கையில் இருப்பதும் அதன் வழிவந்ததே.

இனி விளிம்பைப் பாருங்கள். கூரையின் முன் விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கோடு மின்னுகிறதா? கூரான விளிம்புக்கு அகலமே கிடையாது, அதனால் அது ஒளியைத் திருப்பாது. மின்னுகிறது என்றால் அந்த இடம் உருண்டு மழுங்கியிருக்கிறது என்று பொருள். மூலையிலிருந்து சுவர் வழியாகவும் பார்வையை இறக்குங்கள், மழுங்கல் பெரும்பாலும் மூலையில்தான் தொடங்கும். பல்லின் வெளிப்பரப்பில் மெல்லிய குரோமியப் பூச்சு இருக்கும். கல்லில் பட்ட பல்லில் அந்தப் பூச்சு விளிம்போரம் சிதைந்திருக்கும். சிதைந்த பகுதி முழுதும் தேயும்வரை அரம் போட்டால்தான் கூர் நிற்கும். விளிம்பு மட்டும் பளிச்சென்று வந்துவிட்டது என்று நிறுத்தினால், அரை மணி நேர வெட்டில் மறுபடி மொட்டையாகிவிடும்.

எந்த அரம்?

புதிதாக வருபவர்கள் அதிகம் தவறு செய்யும் இடம் இது. அரத்தின் தடிமன் செயினின் பிட்ச் அளவுக்குப் பொருந்த வேண்டும். பிட்ச் தெரியாவிட்டால், வரிசையாக மூன்று ரிவெட்டை எடுத்து, முதல் ரிவெட்டின் நடுவிலிருந்து மூன்றாவதின் நடுவரை அளந்து பாருங்கள், அதில் பாதிதான் பிட்ச். அளந்த முழு நீளம் 16.5 மி.மீ. வந்தால் அது 0.325 அங்குலச் செயின். 19 மி.மீ. வந்தால் 3/8. 20.5 வந்தால் 0.404, இது பெரிய மிஷின்களில் வருவது.

0.325 செயினுக்கு 4.8 மி.மீ. அரம். சந்தையில் பரவலாகக் கிடைக்கும் 58 சிசி மிஷின்களில் பெரும்பாலும் இந்தச் செயின்தான் இருக்கும். 3/8 செயினில் இரண்டு வகை உண்டு. சிறிய மிஷின்களில் வரும் குட்டைப் பல் வகைக்கு 4 மி.மீ. அரம். பெரிய மிஷின்களில் வரும் முழு 3/8 வகைக்கு, செயின் தயாரிப்பாளரைப் பொறுத்து 5.2 அல்லது 5.5 மி.மீ. அரம். 0.404க்கு 5.5 மி.மீ. ஸ்டில் (Stihl) நிறுவனத்தின் செயினாக இருந்தால் திமிலின் பக்கவாட்டிலேயே ஓர் எண் பொறித்திருக்கும்: 6 என்றால் குட்டை 3/8, 2 என்றால் 0.325, 3 என்றால் முழு 3/8, 4 என்றால் 0.404. செயின் வந்த அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். அரத்தின் அளவு, கோணம் எல்லாம் அதில் அச்சிட்டிருக்கும்.

கையில் இருக்கிறதே என்று தடிமன் குறைந்த அரத்தைப் போட்டால் அது பல்லுக்குள் ஆழமாக இறங்கி விளிம்பைக் கொக்கி போல் குடைந்துவிடும். முதல் ஐந்து நிமிடம் அருமையாக வெட்டும், பிறகு அந்த மெல்லிய நுனி மடங்கிவிடும். தடிமன் கூடிய அரம் போட்டால் விளிம்பு பின்னால் சாய்ந்து, மரத்தைக் கடிக்காமல் மேலே வழுக்கும்.

உருண்டை அரம் தவிர வேண்டியவை: அதற்கு ஒரு மரப்பிடி, திமிலுக்குச் சிறிய தட்டை அரம், திமில் உயரம் பார்க்கும் டெப்த் கேஜ் தகடு, கம்பி பிரஷ், தடித்த கையுறை. அரத்தைப் பிடியில்லாமல் பயன்படுத்தவே வேண்டாம். வால்முனை உள்ளங்கையில் ஏறிவிடும். முதல் அரத்தோடு 30 டிகிரி கோடு போட்ட ஃபைல் கைடு ஒன்றும் வாங்கிவிடுங்கள். அரத்தின் உயரத்தையும் கோணத்தையும் அது கட்டுப்படுத்தும். கை பழகிய பிறகும் பலர் அதை விடுவதில்லை.

மிஷினை நிறுத்திப் பிடித்தல்

இன்ஜினை அணைத்து, பிளக் கேப்பைக் கழற்றிவிடுங்கள். பாரைப் பட்டறை வைஸில் கடித்துப் பிடிக்க வைக்கலாம். தோப்பில் இருந்தால், மரக்கட்டையில் வாளாலேயே ஒரு பள்ளம் வெட்டி அதில் பாரைச் செருகலாம், அல்லது கட்டையில் அடித்துச் செருகும் சிறு வைஸ் கிடைக்கும். மடியில் வைத்துக்கொண்டு அரம் போட்டால் ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு கோணத்தில் வரும்.

செயினை வழக்கத்தைவிடச் சற்று இறுக்குங்கள். தொளதொளவென்று இருந்தால் அரம் தள்ளும்போது பல் சாய்ந்து கொடுத்துவிடும். செயின் பிரேக்கைப் போட்டு அரம் தள்ளுங்கள், அடுத்த பல்லுக்கு நகர்த்தும்போது பிரேக்கை விடுவித்துக் கையுறையோடு இழுங்கள். வேப்பம்பிசினும் தென்னைநாரும் ஒட்டியிருந்தால் முதலில் மண்ணெண்ணெயில் நனைத்த பிரஷால் தேய்த்துத் துடைத்துவிடுங்கள். எண்ணெயும் பிசினும் அரத்தின் பல்லை அடைத்து, அரம் வெறுமனே வழுக்கும்.

தொடங்கும் பல்லில் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். 18 அங்குல பாரில் வரும், பாரின் பள்ளத்துக்குள் ஓடும் கண்ணி 72 கொண்ட செயினில் 36 பல், பக்கத்துக்கு 18. 22 அங்குலத்தில் வரும் 86 கண்ணிச் செயினில் 43 பல், அதாவது ஒரு பக்கம் ஒன்று கூடுதல். அதில் ஓரிடத்தில் ஒரே பக்கத்துப் பல் இரண்டு அடுத்தடுத்து வரும். அது கோளாறு அல்ல, பயப்பட வேண்டாம்.

அரம் போடுவது

ஒரு பக்கத்துப் பல்லை எல்லாம் முடித்துவிட்டுத்தான் மறுபக்கம் போக வேண்டும். அரம் எப்போதும் பல்லின் உட்புறத்திலிருந்து வெளிப்புறம் நோக்கித்தான் போகும். அதனால் கூரை வலப்பக்கம் சாய்ந்த பல்லுக்கு நீங்கள் பாரின் இடப்பக்கம் நிற்பீர்கள்.

கோணத்துக்கு ஒரு சுலபமான வழி உண்டு. மிஷினின் பின்னாலிருந்து பாரை நோக்குங்கள். பாரின் மூக்கு கடிகாரத்தில் 12 மணியைக் காட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். பாருக்குக் குறுக்கே நேராக வைத்த அரம் 3 மணியைக் காட்டும். அதன் நுனியை மூக்குப் பக்கமாக ஒரு மணி நேரம் திருப்பி 2 மணியில் வையுங்கள், அதுதான் 30 டிகிரி. மறுபக்கப் பல்லுக்கு 10 மணி. பெரும்பாலான செயின்களுக்கு 30 டிகிரிதான், சிலவற்றுக்கு 25. கட்டையை நீளவாக்கில் பலகையாக அறுக்கும் செயினுக்கு மட்டும் 10 டிகிரி. பல புதிய செயின்களில் கூரையின் மேலேயே சாய்கோடு ஒன்று பொறித்திருக்கும். அரம் அந்தக் கோட்டுக்கு இணையாகப் போனால் வேறு கணக்கே வேண்டாம்.

அடுத்தது உயரம். அரத்தின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்கு கூரைக்கு மேலே தெரிய வேண்டும். 4.8 மி.மீ. அரம் என்றால் ஏறக்குறைய 1 மி.மீ. தரைக்கு இணையாக அரத்தைப் பிடியுங்கள், பிடி தாழவும் கூடாது, தூக்கவும் கூடாது. சில செயின்களுக்குப் பிடியை 10 டிகிரி தாழ்த்தச் சொல்லிப் பெட்டியில் போட்டிருக்கும், அப்போது மட்டும் தாழ்த்தினால் போதும்.

ஒரு கையால் பிடியையும் மறு கையின் விரல்களால் நுனியையும் பிடித்து, பல்லின் உள்முகத்தில் அரத்தைப் பொருத்துங்கள். பின்னோக்கியும் சற்று மேல்நோக்கியும், அதாவது கூரையோடு ஒட்டி, லேசாக அழுத்திக்கொண்டே முழு நீளத்துக்கும் தள்ளுங்கள். முடிந்ததும் அரத்தைத் தூக்கித் திரும்பக் கொண்டுவாருங்கள். திரும்பும்போது இழுத்துத் தேய்த்தால் அரத்தின் பல்தான் மழுங்கும், செயினுக்குப் பயன் இல்லை. தள்ளும்போது ஆட்டாதீர்கள். நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ்ந்தால் விளிம்பு வளைந்துவிடும். சரியாகப் பொருந்திய அரம் ஒரே சீரான ‘சர்ர்’ ஒலியோடு போகும், நுனியில் இரும்புப்பொடி ஒட்டியிருக்கும். கீச்சென்று கத்தினால் கோணமோ உயரமோ பிசகியிருக்கிறது.

லேசாக மழுங்கிய பல்லுக்கு 2 அல்லது 3 தள்ளல் போதும். நன்றாக மழுங்கியதற்கு 5, 6. கல்லில் அடித்ததற்கு 10க்கு மேலும் ஆகலாம். முதல் பல்லில் எத்தனை தள்ளலில் வெள்ளைக் கோடு மறைகிறது என்று பாருங்கள். அந்த எண்ணிக்கையை மற்ற எல்லாப் பல்லுக்கும் கொடுத்து, ஒவ்வொன்றிலும் கோடு மறைந்ததா என்று பார்த்துவிட்டே நகருங்கள். ஐந்தாறு பல்லுக்கு ஒருமுறை அரத்தைக் கால் திருப்பு திருப்பினால் ஒரே பக்கம் தேயாது.

வலக்கைக்காரருக்கு ஒரு பக்கம் வாகாகவும் மறுபக்கம் சங்கடமாகவும் இருக்கும். வாகான பக்கத்தில் அறியாமலே அழுத்தம் கூடி, அந்தப் பக்கத்துப் பல் குட்டையாகிக்கொண்டே போகும். நாலைந்து முறை அரம் போட்ட பிறகு வெர்னியர் அளவுகோலை எடுத்து, கூரையின் நீளத்தை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால், நீளமான பக்கத்துக்கு ஓரிரண்டு தள்ளல் கூட்டிக் குட்டையான பக்கத்தோடு சமமாக்குங்கள். இதை விட்டுவிட்டால் வெட்டு நேராகப் போகாமல் கூரான பக்கம் வளையும், பார் மரத்துக்குள் சிக்கும். ஆணியில் பட்டு ஒரே ஒரு பல் மட்டும் உடைந்திருந்தால், அதற்காக மற்ற 35 பல்லையும் தேய்த்துக் குட்டையாக்குவது நல்ல செயினை வீணடிப்பது. அந்தப் பல்லை இயன்றவரை கூராக்கி, அதன் திமிலையும் சரிபார்த்துவிட்டு அப்படியே ஓடவிடுங்கள்.

திமிலை மறந்தால்

பல் எல்லாம் சவரக்கத்தி போல் இருக்கும், ஆனாலும் மிஷின் இறங்காது. அரம் கற்றுக்கொண்டவர்கள் மூன்று, நாலு மாதத்தில் சந்திக்கும் புதிர் இது. கூரையைக் கவனித்துப் பாருங்கள், அது பின்பக்கம் சரிவாக இறங்கும். அரம் போடப் போட விளிம்பு பின்னால் நகரும், அதோடு தாழவும் செய்யும். திமில் மட்டும் பழைய உயரத்திலேயே நிற்கும். பல்லுக்கு முன்னால் திமில் மரத்தைத் தொட்டுக்கொண்டு, பல்லைத் தொட விடாமல் தூக்கிப் பிடிக்கிறது.

மூன்று, நாலு அரத்துக்கு ஒருமுறை டெப்த் கேஜ் தகட்டைச் செயின் மேல் வையுங்கள். திமில் அதன் இடுக்கு வழியாக மேலே எட்டிப் பார்த்தால், அந்தப் பகுதியைத் தட்டை அரத்தால் உட்புறத்திலிருந்து வெளியே தள்ளிச் சமமாக்குங்கள். 0.325, 3/8 செயின்களுக்குத் திமில் கூரையைவிட 0.65 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும், 0.404க்கு 0.8. தேய்த்த பின் திமிலின் முன் நெற்றி சப்பட்டையாகக் கூர் விளிம்போடு நிற்கும். அதைப் பழையபடி உருட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் மரத்தில் வழுக்கிப் போகாமல் முட்டும்.

இன்னும் கொஞ்சம் தாழ்த்தினால் வேகமாக வெட்டுமே என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு பல்லும் அளவுக்கு மீறிக் கடித்து, மிஷின் உதறும், செயின் நின்று நின்று போகும். பாரின் மூக்கு எதிலாவது பட்டால் மிஷின் முகத்தை நோக்கித் தூக்கியடிக்கும் ஆபத்தும் கூடிவிடும். தாழ்த்திய திமிலை உயர்த்த வழியே கிடையாது, பல்லைத் தேய்த்துத் தேய்த்துத்தான் அதன் மட்டத்துக்கு இறக்க வேண்டும்.

எங்கே மழுங்குகிறது

சுத்தமான மரத்தில் செயின் நெடுநேரம் தாங்கும். கெடுப்பது பெரும்பாலும் மண். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் சாய்த்த தென்னைகளைப் போல, தரையில் கிடக்கும் மரத்தை அறுக்கும்போது கடைசி ஓர் அங்குலத்தில் செயின் மண்ணைத் தொட்டுவிடும். ஒரு நொடி போதும், எல்லாப் பல்லின் மூலையும் போய்விடும். அடியில் கட்டை கொடுத்துத் தூக்கிவிட்டு அறுங்கள், அல்லது முக்கால் பங்கு வெட்டி, மரத்தைப் புரட்டி மீதியை வெட்டுங்கள். வேரடியில் மண் அப்பியிருந்தால் முதலில் அரிவாளால் சுரண்டிவிடுங்கள். தென்னையில் மணற்சத்து உண்டு, அதனால் மண் படாமலேயே பல்லைத் தின்னும். வைரம் பாய்ந்த புளியும் சீமைக்கருவேலமும் அதைப் போலவே அரம் அதிகம் கேட்பவை. சாலையோர வேம்பில் விளம்பரத் தட்டி அடித்த ஆணி இருக்கும், பட்டை அதை மூடி வளர்ந்திருக்கும். பட்டையில் கறுப்புக் கறையோ சிறு குழியோ தெரிந்தால் அந்த உயரத்தைத் தவிர்த்து வெட்டுங்கள்.

செயின் வாங்கும்போதும் இதை யோசிக்கலாம். மூலை சதுரமாக இருக்கும் பல் சுத்தமான மரத்தில் வேகமாக வெட்டும், மண் பட்டால் உடனே படுத்துவிடும். மூலை உருண்ட பல் கொஞ்சம் மெதுவானது, ஆனால் தூசியிலும் மண்ணிலும் அதிக நேரம் தாங்கும், அரம் போடும்போது சிறு பிழையையும் பொறுத்துக்கொள்ளும். தோப்பு வேலைக்கும் கற்றுக்கொள்பவருக்கும் உருண்ட மூலையே நல்லது.

சில சமயம் ஒரு பல்லில் அரம் ஏறவே ஏறாது, கண்ணாடியில் தேய்ப்பது போல வழுக்கும். சாணை மிஷினில் காட்டி நீலம் பாய்ந்த பல்லிலோ, கல்லில் உரசிச் சூடேறிய பல்லிலோ இது நடக்கும். சூட்டில் அந்த மேல்தோல் அரத்தைவிடக் கடினமாகிவிட்டது. புது அரத்தை எடுத்து, குட்டையாக, உறுதியாக நாலைந்து தள்ளு தள்ளி அந்தத் தோலை உடைத்துவிட்டால் உள்ளே பழைய இரும்பு கிடைக்கும். பழைய அரத்தை வைத்து முட்டிக்கொண்டிருந்தால் அரம்தான் சாகும்.

அரத்தை எண்ணெய்த் துணியில் சுற்றாதீர்கள். காய்ந்த துணியில், ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனியாகச் சுற்றி வையுங்கள். கம்பி பிரஷால் அடிக்கடி பொடியைத் தட்டிவிடுங்கள். பல்லின் மேல் கடிக்காமல் வழுக்கத் தொடங்கினால் மாற்றிவிடுங்கள். செயினோடு ஒப்பிட்டால் அரம் மலிவு.

அரம் போட்டு முடித்ததும் செயினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, இறுக்கத்தை வழக்கமான அளவுக்குத் தளர்த்துங்கள். மறந்து இறுக்கமாகவே ஓட்டினால் பாரின் மூக்கு எரிந்துவிடும். டேங்க் தீர்ந்து பெட்ரோல் ஊற்றும் ஒவ்வொரு முறையும் பல்லுக்கு இரண்டு தள்ளல் கொடுப்பது பழக்கமானால், ஒருநாளும் பத்துப் பதினைந்து தள்ளல் தேவைப்படாது, செயினும் கூடுதல் நாள் வரும். கூரையின் நீளம் 4 மி.மீ.க்கு வந்துவிட்டால், அல்லது பொறித்த கோடுவரை தேய்ந்துவிட்டால் அந்தச் செயினை எடுத்துவிடுங்கள், பல் முறிந்து தெறிக்கும். புதுச் செயின் போடும்போது பாரைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு, அதன் ஓரங்களில் வெளியே தள்ளியிருக்கும் பிசிறைத் தட்டை அரத்தால் எடுத்துவிடுங்கள். செயினைச் சுழற்றும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் அரை மி.மீ. பள்ளம் விழுந்திருந்தால் அதையும் அன்றே மாற்றிவிடுங்கள், புதுச் செயினைப் பழைய ஸ்ப்ராக்கெட் தேய்த்துவிடும்.